மூச்சக்கா எடுக்கும் அளவு

"விடுங்க. இன்னும் கொஞ்சம் உள்ள இருக்கு, அதையும் விடுங்க. ஆங், அவ்வளவுதான். அப்படியே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மூச்சையும் நிறுத்திக்கொள்கிறார் மூச்சக்கா. கையில் இஸ்திரிப் பெட்டி அளவில் ஒரு கருவி. அதன் வாயிலிருந்து நீல வெளிச்சம் கோடு கோடாக விழுகிறது. தரையில் ஒட்டியிருக்கும் இரண்டு பாதத் தடங்களின் மேல் சட்டையில்லாமல் நிற்கிற மனிதரை, முட்டி மடித்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு முழுச் சுற்று சுற்றி வருகிறார். பன்னிரண்டு விநாடி. சுற்று முடிந்ததும் நின்றவரும் சுற்றியவரும் ஒன்றாக மூச்சு வாங்குகிறார்கள்.

எதிரில் நிற்பவர் மூச்சை நிறுத்தவேண்டும், சரி. இவர் எதற்கு நிறுத்துகிறார் என்று கேட்டால், "எனக்கு முட்டும்போது அவங்களுக்கும் முட்டும். அதுக்குள்ள முடிச்சிடணும்ல?" என்பார். கடிகாரம் சுவரில்தான் இருக்கிறது. அவர் அதைத் திரும்பிப் பார்த்து யாரும் கண்டதில்லை. ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தால் இருபது முறை இந்தப் பன்னிரண்டு விநாடியை அவரும் சேர்ந்து கடந்தாகவேண்டும். மாலையில் மாடிப்படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் சலித்துக்கொள்வார்.

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில், ஜன்னலில்லாத சின்ன அறை அவருடையது. நெஞ்செலும்பு உள்ளே அமுங்கியவர்களும் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்பவர்களும் அங்கே வருகிறார்கள். முன்பெல்லாம் இவர்களைப் பெரிய குழாய் போன்ற யந்திரத்துக்குள் படுக்கவைத்து, கதிர் பாய்ச்சித்தான் அளவு எடுத்தார்கள். வளர்கிற பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கதிர் கொடுக்க யாருக்கு மனசு வரும்? இந்தக் கருவியில் கதிர் கிடையாது, வெறும் வெளிச்சம். அது உடம்பின் மேற்பரப்பை அப்படியே அள்ளிக்கொண்டுபோய்த் திரையில் சாம்பல் நிறப் பொம்மையாக நிறுத்துகிறது. பொம்மையை எந்தப் பக்கமும் திருப்பலாம். பள்ளம் எத்தனை ஆழம், மேடு எத்தனை உயரம் என்று மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லிவிடும்.

ஆனால் கருவிக்கு மூச்சு தெரியாது. மூச்சை இழுத்தால் நெஞ்சு எழும்பும், பள்ளம் குறைந்து தெரியும். விட்டால் உள்ளது உள்ளபடி தெரியும். இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர். அந்தச் சில மில்லிமீட்டருக்குள்தான் ஒருவருக்கு அறுவை வேண்டுமா வேண்டாமா என்பதே இருக்கிறது. அதனால் எல்லோருக்கும் மூச்சை முழுதும் விட்ட நிலையில்தான் அளவெடுப்பது என்று அங்கே சட்டம். சட்டம் போட்டவர் பெரிய டாக்டர். அதைக் கட்டிக் காப்பவர் மூச்சக்கா. பெயரும் அப்படி வந்ததுதான். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது.

அவர் இந்த அறைக்கு வந்தது தற்காலிகமாக. பதினொரு வருஷம் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவரை, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கதிர் பக்கம் போகவேண்டாம் என்று இங்கே மாற்றினார்கள். அந்தப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. மாற்றல் உத்தரவு இன்னும் தற்காலிகம்தான்.

அறையில் குளிர்சாதனம் உண்டு. ஆனால் இருபத்தைந்துக்குக் கீழே இறக்கவிடமாட்டார். உடம்பு நடுங்கினால் பொம்மையும் நடுங்கிவிடும் என்பது காரணம். மார்பில் மூன்று இடத்தில் அடையாளப் புள்ளி வைக்கவேண்டும். ஆஸ்பத்திரி கொடுக்கும் மார்க்கர் இரண்டு நாளானாலும் போகாது என்று, கண்ணுக்கு மை தீட்டுகிற பென்சிலைச் சொந்தக் காசில் வாங்கிவைத்திருக்கிறார். கடைக்காரப் பெண், மாதம் இரண்டு பென்சில் வாங்கும் இந்த அம்மாளின் கண்ணில் ஒரு நாள்கூட மையில்லையே என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். மார்பில் முடி அடர்ந்தவர்கள் வந்தால் கருவி திணறும். "காடு மேல பறந்தா தரை தெரியாது சார்" என்று சொல்லிச் சவரக் கத்தியை நீட்டுவார். அவர் சொல்லும் முறையில் யாருக்கும் கோபம் வந்ததில்லை.

வருகிறவர்களிடம் 'குறை' என்ற சொல்லையோ 'கோணல்' என்ற சொல்லையோ எடுக்கமாட்டார். அவருக்கு எல்லாம் ரோடு போட்டவர் கணக்குதான். உள்ளே போனது இறக்கம், வெளியே வந்தது ஏத்தம். போனில் பெரிய டாக்டரிடம்கூட, "டாக்டர், இன்னிக்கு நாலு இறக்கம், ஒரு ஏத்தம்" என்றுதான் சொல்வார். முதல் தடவை வருகிற பையன்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அவர்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கருவியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

வேலை வெளியிலும் விடுவதில்லை. பஸ்ஸில் தோளை முன்னால் குறுக்கிக்கொண்டு நிற்கிற இளைஞனைக் கண்டால், பையை நெஞ்சோடு அணைத்திருக்கிற பெண்ணைக் கண்டால், கண் அங்கேயே போய் நிற்கும். ஒரு முறை அப்படிப் பார்க்கப்போய், ஒரு மனிதர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் எங்க போனாலும் மேல பாக்கறேன், இவ நெஞ்சப் பாக்கறா. எங்க வீட்ல யாரும் யார் மூஞ்சியையும் பாத்துப் பேசறதில்ல" என்பது அவர் புகார்.

எல்லாம் நல்ல குணம் என்று சொல்லிவிட முடியாது. அடுத்தவர் எடுத்த ஸ்கேனில் நொட்டை சொல்லாமல் மூச்சக்காவால் இருக்க முடியாது. அவர் லீவு போட்டால் பக்கத்து அறை எக்ஸ்ரேக்காரர்தான் இந்த அறையையும் பார்த்துக்கொள்வார். சாதுவான மனிதர். அவருக்கு இந்த வேலையைப் பழக்கிவிட்டதே மூச்சக்காதான். லீவு முடிந்து வந்ததும் முதல் காரியமாக அவர் எடுத்ததையெல்லாம் திரையில் திறந்து, "கை ஏன் இவ்வளவு அகலமா நிக்குது?", "தலைமுடியத் தூக்கிக் கட்டச் சொல்லலையா?" என்று சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கேட்பார். அந்தப் பக்கத்தில் அவர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, கல்லூரி முதல் வருஷம் படிக்கிற பையன் ஒருவன் தன் அம்மாவோடு வந்தான். இறக்கம். ஒரு வருஷத்துக்கு முன்பு முதல் ஸ்கேன் எடுத்தபோது ஆழம் இருபத்திரண்டு மில்லிமீட்டர். அவனுக்கு உறிஞ்சு கிண்ணம் கொடுத்திருந்தார்கள். ரப்பர் போன்ற கிண்ணம். நெஞ்சில் கவிழ்த்துக் காற்றை வெளியே எடுத்தால், எலும்பைப் பிடித்து மேலே இழுக்கும். தினமும் சில மணி நேரம் மாட்டிக்கொண்டு வந்தால் பல பேருக்கு மெல்ல மெல்ல ஏறும். ஏறாதவர்களுக்கு எலும்புக்கு அடியில் எஃகுக் கம்பி வைத்து நிமிர்த்தவேண்டும். கம்பி மூன்று வருஷம் உள்ளேயே இருக்கும். முதல் சில மாதம் ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியாது. படிப்பில் அரை வருஷம் போய்விடும்.

மூன்று வாரத்துக்கு முன்பு அவனுக்கு வருஷக் கடைசி ஸ்கேன். கணவரின் கண் ஆபரேஷனுக்காக மூச்சக்கா லீவில் இருந்தார். எக்ஸ்ரேக்காரர் எடுத்தார். இருபத்தொன்று. ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர். கிண்ணத்தால் பிரயோஜனமில்லை, வியாழக்கிழமை கம்பி வைத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். கம்பியை வளைப்பதற்கு நெஞ்சின் அச்சு வேண்டும். அதற்காகத்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னதால் அதையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

பையன் சட்டையைக் கழற்றினான். மூச்சக்கா பென்சிலை எடுத்துக்கொண்டு கிட்டே போனவர் அப்படியே நின்றார். நெஞ்சின் நடுவில் கிண்ணத்தின் விளிம்பு பதிந்து வட்டமாகத் தோல் கறுத்துக் காய்த்திருந்தது. ஒரு வாரம் பத்து நாள் மாட்டி வருகிற தடமில்லை அது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மாட்டுவான் என்று விசாரித்தார். நாலு மணி, லீவு நாளில் ஆறு என்று பையன் தரையைப் பார்த்துச் சொன்னான். அம்மா குறுக்கே விழுந்தார்.

"மாட்டியிருந்தா ஏன் ஏறல? கதவச் சாத்திக்கிட்டு போனப் பாத்துக்கிட்டு இருந்திருப்பான். கேட்டா மாட்டினேன் மாட்டினேன்னு அடிச்சுப் பேசறான். இவன் பேச்ச நம்பி ஒரு வருஷம் வீணாப் போச்சு."

பையன் கழற்றிய சட்டையை மடிக்க ஆரம்பித்தான். பல முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்ட பேச்சு என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. டாக்டர் அந்த எண்ணைச் சொன்ன நாளிலிருந்து அம்மா அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மூச்சக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார். நேராக அடுத்த அறைக்குப் போனார். மூன்று வாரத்துக்கு முன்பு இந்தப் பையனுக்கு எடுத்தபோது தோளைப் பார்த்தீரா, பள்ளம் கூடித் தெரியும்படி குறுகி நின்றானா, ஏனோதானோ என்று எடுத்துத் தள்ளிவிட்டீரா என்று எக்ஸ்ரேக்காரரை நிற்கவைத்துக் கேட்டார். வெளியே பெஞ்சில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துத்தான் எடுத்தேன் என்று அவர் மெதுவாகச் சொன்னார். மூச்சக்கா அதைக் காதில் வாங்காமல் திரும்பிவந்து, கருவியை எடுத்து, பையனை விடச் சொல்லி, தானும் விட்டு, ஒரு சுற்று சுற்றினார்.

இருபத்தொன்று.

இன்னொரு தரம் எடுத்தார். அதே இருபத்தொன்று. எக்ஸ்ரேக்காரர் எடுத்த பொம்மையையும் தான் எடுத்ததையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தின.

மிச்சம் இருந்தது முதல் ஸ்கேன். வருஷத்துக்கு முந்தியது. எடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரே இருந்தது.

பையனைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தப் பழைய பொம்மையைப் பக்கவாட்டில் திருப்பினார். விலா மேலே தூக்கியிருந்தது. வயிறு ஒட்டியிருந்தது. தோள் ஒரு விரல்கடை உயர்ந்து நின்றது. எக்ஸ்ரேக்காரர் இப்படி ஒன்றை எடுத்திருந்தால் சுவர் இடிந்துவிழும்படி மூச்சக்கா கத்தியிருப்பார். தேதியைப் பார்த்தார். ஒரு வாரம் முழுக்க ஜலதோஷமும் இருமலுமாக, லீவும் போடாமல் வேலைக்கு வந்த வாரம் அது. மூக்கு அடைத்திருந்ததால் தன் மூச்சை நிறுத்தமுடியவில்லை. கூட நிறுத்தாததால் எதிரில் நிற்பவரின் வயிற்றில் கண் போகவில்லை. வாய் மட்டும் விடுங்க விடுங்க என்று சொல்லியிருக்கும்.

பையனைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, முதல் நாள் எப்படி நின்றாய் என்று கேட்டார். அவன் கொஞ்சம் தயங்கினான்.

"நீங்க இருமிக்கிட்டே இருந்தீங்க. நீங்க விடச் சொன்னீங்க, ஆனா நான் நல்லா இழுத்து அடக்கிக்கிட்டேன். கண்ணாடி முன்னாடி எப்பவும் அப்படித்தான் நிப்பேன். அப்ப கொஞ்சம் கம்மியாத் தெரியும்."

இதில் அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? இறக்கம் உள்ள எல்லாப் பையன்களும் கண்ணாடி முன்னால் அப்படித்தான் நிற்கிறார்கள். அதைக் கண்டுபிடித்து விடவைக்கத்தான் இவருக்குச் சம்பளம்.

பழைய ஸ்கேனைத் திரும்ப எடுக்க வழியில்லை. போன வருஷத்து நெஞ்சு இப்போது கிடைக்காது. ஆனால் இன்றைய நெஞ்சை அன்றைக்கு நின்றதுபோல நிற்கவைக்கலாம். "அன்னிக்கு எப்படி இழுத்தியோ, அப்படியே இழுத்து அடக்கு" என்றார். அந்த அறையில் 'இழு' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. விலாவும் வயிறும் பழைய பொம்மையோடு ஒத்துப்போகும்வரை மூன்று முறை எடுத்தார்.

பதினாலு.

இழுத்த மூச்சுக்கு இழுத்த மூச்சு வைத்துப் பார்த்தால் இருபத்திரண்டு பதினாலாகியிருக்கிறது. எட்டு மில்லிமீட்டர். கிண்ணம் மாட்டிய பையன்களில் பாதிப் பேருக்கு ஒரு வருஷத்தில் இவ்வளவு ஏறுவதில்லை. அவன் ஒரு நாள்கூடத் தவறவிட்டிருக்கமாட்டான்.

பெரிய டாக்டர் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சக்கா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். டாக்டர் மூன்று பொம்மைகளையும் மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், ஆனால் இந்தக் கருவி வேண்டும் என்று மூன்று வருஷம் மேலிடத்தில் போராடி வாங்கியவர். இதை நம்பிக் கதிரை விட்டவர். இது பொய் சொல்லும் என்று கேட்க அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில், வியாழக்கிழமை ஆபரேஷனை ரத்து செய்யச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த வாரம் முதல் ஸ்கேன் இன்னும் எத்தனை பேருக்கு?"

"இந்தப் பையனோட பதினோரு பேருக்கு டாக்டர். மத்த பத்தையும் இப்பதான் திறந்து பாத்தேன். ஏழு சரியா இருக்கு. மூணு இதே மாதிரி."

மூன்றில் இரண்டு பேர் இன்னும் கிண்ணம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் வருவார்கள், அப்போது சரிபார்த்துவிடலாம். மூன்றாவது ஆளுக்கு நாலு மாதத்துக்கு முன்பு கம்பி வைத்தாகிவிட்டது. முப்பது வயது, ஒரு அச்சகத்தில் வேலை. கிண்ணத்தால் ஒன்றும் ஏறவில்லை என்று எண் சொன்னதால் வைத்த கம்பி.

டாக்டர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, அவருடைய இறக்கம் ஆழமானது, எப்படியும் கம்பி தேவைப்பட்டிருக்கும் என்றார்.

"தேவைப்பட்டிருக்கலாம்" என்றார் மூச்சக்கா.

"நான் அவர்கிட்ட பேசறேன்."

"நீங்க அப்புறம் பேசுங்க டாக்டர். எடுத்தது நான்."

திரும்பி வருகிற வழியில் எக்ஸ்ரே அறை வாசலில் நின்றார். பெஞ்சில் அதே நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியாகவே, "உங்க ஸ்கேன் சுத்தமா இருக்கு. தப்பு என்னோடது. உங்களப் பாத்துக் கத்தினது அதவிடத் தப்பு" என்றார். எக்ஸ்ரேக்காரர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பையனின் அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஆபரேஷன் இல்லை என்று கேட்டதும் அந்த அம்மாள் எழுந்து மூச்சக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார். மூச்சக்கா கையை விடுவித்துக்கொண்டார்.

"நன்றி சொல்லாதீங்கம்மா. மொத ஸ்கேன நான் தப்பா எடுத்துட்டேன். அதனாலதான் ஏறாத மாதிரி தெரிஞ்சுது. உங்க பையன் ஒரு நாள் விடாம மாட்டியிருக்கான். அவன் சொன்னது நெசம்."

அம்மாவின் முகம் மாறியது. சந்தோஷம் அப்படியே இருக்க, அதன் மேல் கோபம் ஏறி வந்தது. "மூணு வாரமா நான் இவன்கிட்ட பேசல" என்றார். அதை யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. மூச்சக்கா நின்று அதை வாங்கிக்கொண்டார். சமாதானம் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று அவருக்குப் பட்டது. அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். அவன் கையில் இருந்த துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு மகனிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது. பையன் மூச்சக்காவைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் பின்னால் போனான்.

அவர்கள் போனதும் மூச்சக்கா அறைக்குள் வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் மூலம் விஷயம் தெரிந்த கணினிப் பிரிவு ஆட்கள், முதல் ஸ்கேனை அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதன் குறிப்புப் பெட்டியில், 'மூச்சு உள்ளே இருக்கும்போது எடுத்தது. என் கவனக்குறைவு' என்று அடித்தார். மற்ற மூன்றிலும் அதையே அடித்தார். பிறகு அச்சகத்துக்காரரின் கோப்பைத் திறந்து, போன் எண்ணை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தபடி அழுத்தினார். கம்பி வைத்த நெஞ்சோடு அவர் இப்போது வேலையில் இருப்பாரோ, வீட்டில் இருப்பாரோ. மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது. மூச்சக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.